நோயாளி கேட்ட கேள்விகள்

மருத்துவமனையின் புறநோயாளிப் பகுதியிலே சற்று நேரம் அமர்ந்து, அங்கு வருவோர் மருத்துவரிடம் கேட்கும் கேள்விகளைச் செவிமடுத்தால், அவை பெரும்பாலும் ஒரு சில வகைகளுள் அடங்கிவிடுவதைக் காணலாம். "இந்த வலி வாயுவினால் வந்ததா, இருதயத்தினால் வந்ததா?" என்பார் ஒருவர். "மாலை ஆனால் கால் வீங்குகிறதே, ஏன்?" என்பார் மற்றொருவர். "கம்பிகளைப் பொருத்திப் படம் எடுத்தார்கள், ஒன்றும் இல்லை என்றார்கள், ஆனாலும் வலிக்கிறதே!" என்று வருந்துவார் வேறொருவர். "குழாயை இருதயத்துக்குள் விடுவார்களாமே, உயிருக்குத் தீங்கு நேராதா?" என்று அஞ்சுவாரும் உண்டு. "இனி நான் பழையபடி வேலைக்குப் போகலாமா?" என்பது குடும்பத் தலைவர்கள் தயங்கித் தயங்கிக் கேட்கும் கேள்வி.

இக்கேள்விகள் எளியவை. ஆனால் இவற்றுக்கு இன்று மருத்துவர் சில நிமிடங்களில் கூறும் விடைகள் எளிதாகக் கிடைத்தவை அல்ல. ஒவ்வொரு விடைக்கும் பின்னே நெடிய வரலாறு ஒன்று உண்டு. அவ்வரலாற்றைக் கூர்ந்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். இருதய மருத்துவம் ஆய்வுக்கூடத்தில் மட்டும் வளர்ந்ததன்று. நோயாளி சொன்னதை ஒருவர் பொறுமையாகக் கேட்ட இடங்களிலெல்லாம் அது வளர்ந்தது. கேட்கத் தவறிய இடங்களில் பல்லாண்டுகள் தேங்கி நின்றது.

முதலில், இருதயம் என்ன வேலை செய்கிறது என்பதையே உலகம் பன்னெடுங்காலம் தவறாக எண்ணியிருந்தது. கல்லீரலில் இரத்தம் ஓயாது உண்டாகிறது, உடம்பின் உறுப்புக்கள் அதனை உண்டு தீர்த்துவிடுகின்றன என்று கிரேக்க மருத்துவர் காலன் கூறிய கொள்கை ஐரோப்பாவில் ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆட்சி செய்தது. ஆங்கில மருத்துவர் வில்லியம் ஹார்வி அதனை ஒரு கணக்கினால் வீழ்த்தினார். ஒரு துடிப்பில் இருதயம் எவ்வளவு இரத்தத்தை வெளியே தள்ளுகிறது என்பதை மிகக் குறைவாகவே மதிப்பிட்டுக்கொண்டு, அதனை அரைமணி நேரத் துடிப்புக்களால் பெருக்கினார். வந்த தொகை உடல் முழுவதிலும் உள்ள இரத்தத்தைவிட மிகுதியாக இருந்தது. இத்துணை இரத்தத்தை அரைமணிக்கொரு முறை எந்த உணவினாலும் ஆக்க இயலாதன்றோ? ஆகவே, அதே இரத்தம்தான் சுற்றிச் சுற்றி வரவேண்டும் என்று அவர் முடிவு செய்து, 1628 ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். அந்நூல் வெளிவந்த பின் அவரிடம் வந்த நோயாளிகளின் தொகை குறைந்துவிட்டதாம். புதிய உண்மையைச் சொன்னவருக்கு உலகம் முதலில் அளித்த பரிசு அது.

இருதயம் ஓர் இறைப்பான் என்பது இவ்வாறு தெளிவாயிற்று. ஆனால் அந்த இறைப்பானின் தசைக்கும் உணவு வேண்டும், அதற்கென்று தனி இரத்தக் குழாய்கள் உண்டு, அவை அடைபட்டால் வலி தோன்றும் என்னும் செய்தி விளங்க மேலும் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயின.

1768 ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், வில்லியம் ஹெபர்டன் என்னும் மருத்துவர் இலண்டன் மருத்துவர் கல்லூரியில் ஒரு கட்டுரை படித்தார். தம்மிடம் வந்த ஏறத்தாழ இருபது நோயாளிகள் கூறியவற்றை அவர் குறித்து வைத்திருந்தார். நடக்கும்போது, அதிலும் மேட்டில் ஏறும்போது, உணவு உண்டபின் நடக்கும்போது, நெஞ்சை அழுத்தி நெரிப்பது போன்ற ஒரு வேதனை உண்டாகிறது; நின்றுவிட்டால் அது உடனே நீங்கிவிடுகிறது; நாளடைவில் நோய் முற்றினால் ஓய்வாகப் படுத்திருக்கும்போதும் வருகிறது; இந்நோயுடையார் சிலர் திடீரென்று மாண்டு போகின்றனர். இவ்வளவுதான் அவர் கூறியது. இந்நோய்க்கு 'ஆஞ்சைனா பெக்டோரிஸ்' என்று அவர் இட்ட பெயர் இன்றும் வழங்குகிறது; நெஞ்சு நெரிப்பு என்பது அதன் பொருள். இன்றும் நெஞ்சு வலியுடன் வருபவரிடம் மருத்துவர் முதலிற் கேட்பது, "நடந்தால் வருகிறதா? நின்றால் போய்விடுகிறதா?" என்பதே. எந்தக் கருவியும் இல்லாத காலத்தில், நோயாளிகளின் வாய்மொழியை மட்டும் கேட்டு ஹெபர்டன் கண்டறிந்த அடையாளம் அது.

ஹெபர்டனின் கட்டுரை 1772 ஆம் ஆண்டில் அச்சேறியது. அதைப்பற்றிய செய்தியை ஒரு பத்திரிகையிற் படித்த ஒருவர், தம் பெயரைக் குறிப்பிடாமல் ஹெபர்டனுக்குக் கடிதம் எழுதினார். ஐம்பது வயதைக் கடந்த அவர், "தாங்கள் எழுதிய நோய் எனக்கும் இருக்கிறது" என்னும் கருத்துப்படத் தமக்கு வரும் வேதனையை விரிவாக எழுதினார். அதனோடு நில்லாமல், தாம் திடீரென்று இறந்துபட்டால் தம் உடலை அறுத்துச் சோதித்து நோயின் காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று ஏற்பாடு செய்திருப்பதாகவும் தெரிவித்தார். தமக்குப் பயன்படாவிடினும் பிறருக்குப் பயன்படட்டும் என்பது அவர் நோக்கம். சில வாரங்களுக்குள் அவர் அவ்வாறே திடீரென்று இறந்தார். அவர் விருப்பப்படி உடலைச் சோதிக்கும் பணி, அந்நாளில் புகழ்பெற்றிருந்த அறுவை மருத்துவர் ஜான் ஹண்டரிடம் ஒப்படைக்கப்பட்டது. ஆனால் வலிக்குக் காரணம் எனத்தக்கது எதனையும் அவரால் காண முடியவில்லை. இருதயத் தசைக்கு இரத்தம் கொண்டு செல்லும் குழாய்களைப் பற்றி அந்த அறிக்கை ஒன்றும் கூறவில்லை.

அக்குழாய்களில் என்ன நேர்கிறது என்பதைக் கண்டவர் ஹண்டரின் மாணவரே. பெரியம்மைக்குத் தடுப்பு முறை கண்டு பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற எட்வர்டு ஜென்னர்தான் அவர். நெஞ்சு நெரிப்பினால் இறந்த ஒருவருடைய இருதயத்தை அவர் அறுத்தபோது, கத்தி ஏதோ கரடுமுரடான பொருளின்மேல் பட்டு நெருநெருத்தது. பழைய கட்டடத்தின் கூரையிலிருந்து காரை உதிர்ந்து விழுந்திருக்குமோ என்று அவர் மேலே நோக்கினாராம்! பிறகு பார்த்தால், இருதயத்தின் இரத்தக் குழாய்களே எலும்பு போல் இறுகிக் கிடந்தன.

ஜென்னர் இதனை உடனே உலகுக்கு அறிவிக்கவில்லை. காரணம், அவருடைய ஆசிரியர் ஹண்டருக்கே அதற்குள் அந்நோய் கண்டிருந்தது. இச்செய்தி ஆசிரியரின் உள்ளத்தைக் கலங்கச் செய்யும் என்று மாணவர் அஞ்சினார். ஹண்டருக்குச் சினம் வந்தாலே நெஞ்சு வலியும் வந்துவிடும். தம்மைச் சினமூட்ட விரும்பும் எவன் கையிலும் தம் உயிர் இருக்கிறது என்று அவரே கூறுவதுண்டு. அவ்வாறே 1793 ஆம் ஆண்டு அக்டோபர் 16 ஆம் நாள், மருத்துவமனைக் கூட்டமொன்றில் எழுந்த வாக்குவாதத்தின் நடுவே அவர் வெளியேறி, பக்கத்து அறையில் விழுந்து உயிர் நீத்தார். அவருடைய இருதயக் குழாய்களும் எலும்பாய் இறுகியிருந்தன. ஜென்னரின் கண்டுபிடிப்பு, அவருடைய நண்பர் கேலப் பாரி 1799 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலின் வாயிலாகவே வெளிவந்தது. பெயர் தெரியாத அந்த மனிதர் தம் உடலையே கொடுத்துக் கேட்ட கேள்விக்கு, அவர் இறந்து இருபத்தேழு ஆண்டுகள் கழித்து விடை கிடைத்தது.

இனி, கால் வீக்கத்தையும் மூச்சு வாங்குதலையும் பற்றிய கேள்விக்கு வருவோம். இருதயம் தளர்ந்து, வருகிற இரத்தத்தை முன்னே தள்ள மாட்டாமற் போகும்போது, இரத்தம் பின்னே தேங்குகிறது. நுரையீரலில் தேங்கினால் மூச்சு முட்டுகிறது. படுத்தால் மிகுகிறது, எழுந்து உட்கார்ந்தால் குறைகிறது. உடலின் கீழ்ப்பகுதியில் தேங்கினால் கால் வீங்குகிறது. சிறுநீரகமும் உப்பையும் நீரையும் வெளியேற்றாமல் தேக்கிவைத்துக்கொள்கிறது. உப்பைக் குறைக்குமாறு மருத்துவர் வற்புறுத்துவது இதனாலேதான்.

பழங்காலத்தில் இந்நீர்க்கோவையைத் தனி நோயாகவே கருதினர். 1775 ஆம் ஆண்டில், இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரத்து மருத்துவர் வில்லியம் விதரிங்கிடம், ஒரு மூதாட்டியின் குடும்ப மருந்தைப்பற்றிக் கருத்துக் கேட்டனர். ஷ்ராப்ஷயர்ப் பகுதியைச் சேர்ந்த அம்மூதாட்டி, பட்டம் பெற்ற மருத்துவர்கள் கைவிட்ட நீர்க்கோவை நோயாளிகளையும் குணப்படுத்தி வந்தார். அம்மருந்தில் இருபதுக்கும் மேற்பட்ட மூலிகைகள் இருந்தன. நாட்டு மருந்து என்று விதரிங் இகழ்ந்து தள்ளவில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஏற்கவுமில்லை. தாவர நூலிலும் வல்லவராகிய அவர், அவற்றுள் ஃபாக்ஸ்குளோவ் என்னும் செடியின் இலையே பயன் தருவது எனக் கண்டார். பத்தாண்டுகள் ஆராய்ந்து, நூற்றைம்பதுக்கு மேற்பட்ட நோயாளிகளின் விவரங்களுடன் 1785 ஆம் ஆண்டில் நூல் எழுதினார். அந்நூலின் பெருமை யாதெனில், குணமடைந்தவர்களை மட்டுமன்றிக் குணமடையாதவர்களையும் அவர் அதில் மறையாது குறித்தார். அளவு மிகுந்தால் வாந்தியும் பார்வைக் கோளாறும் நாடித் தளர்ச்சியும் உண்டாகி உயிருக்கே கேடாகும் என்றும் எச்சரித்தார். அதே இனச் செடியிலிருந்து 1930 ஆம் ஆண்டில் பிரித்தெடுத்த டிகாக்சின் என்னும் மருந்து, வேறு நல்ல மருந்துகள் பல வந்துவிட்ட இக்காலத்திலும், தக்க நோயாளிகளுக்குப் பயன்படுகிறது. நாட்டு மருந்து உயர்ந்ததா, மேல்நாட்டு மருந்து உயர்ந்ததா என்று வாதிடுவோர் இவ்வரலாற்றை எண்ணிப் பார்த்தல் நலம். எங்கிருந்து வந்தாலும் மருந்தைச் சோதித்து, அளவறிந்து, தோல்வியையும் எழுதி வைப்பதே அறிவியல்.

நெஞ்சில் வைத்துக் கேட்கும் ஸ்டெதஸ்கோப்பும் ஒரு நோயாளியால் பிறந்ததே. 1816 ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்து நெக்கர் மருத்துவமனையில், இருதய நோயின் அறிகுறிகளோடு ஓர் இளம்பெண் வந்தாள். அக்கால வழக்கப்படி மார்பில் காதை வைத்துக் கேட்பது முறையாகத் தோன்றாமையால், ரெனே லெனெக் என்னும் மருத்துவர் தாளைக் குழல்போற் சுருட்டி ஒரு முனையை அவள் மார்பிலும் மறுமுனையைத் தம் செவியிலும் வைத்தார். நேரே காதை வைத்துக் கேட்பதைவிட ஒலி தெளிவாகக் கேட்டது! பின்னர் அவர் மரத்தால் குழல் செய்தார். மூன்றாண்டுகள் நோயாளிகளின் நெஞ்சொலிகளைக் கேட்டு, 1819 ஆம் ஆண்டில் விரிவான நூல் வெளியிட்டார்.

இருதயத்தின் மின்னோட்டத்தை வரைந்து காட்டும் கருவியை அமைத்தவர் ஹாலந்து நாட்டு லெய்டன் பல்கலைக் கழகத்துப் பேராசிரியர் வில்லெம் ஐந்தோவன். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் அமைத்த கருவி 270 கிலோ எடை உடையது. அதனை இயக்க ஐவர் வேண்டும். நோயாளி தம் கைகளையும் ஒரு காலையும் உப்பு நீர் நிறைந்த பாத்திரங்களில் வைத்துக்கொண்டு அமர்ந்திருப்பார். கருவியை மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல இயலாமையால், ஒன்றரைக் கிலோமீட்டர் தொலைவிலிருந்த நோயாளியின் இருதயத் துடிப்பைத் தொலைபேசிக் கம்பி வழியாகத் தம் ஆய்வுக்கூடத்துக்கு வருவித்து அவர் பதிவு செய்தார். 1924 ஆம் ஆண்டில் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இன்று அக்கருவி கைப்பெட்டியளவில் சுருங்கிவிட்டது.

ஆனால், "படத்தில் ஒன்றும் இல்லை என்றார்களே, ஏன் வலிக்கிறது?" என்பாருக்கு விடை யாது? அப்படம், எடுத்த அந்தச் சில நொடிகளில் இருதயம் இருந்த நிலையை மட்டுமே காட்டும். நடக்கும்போது வலி வருகிறவருக்கு ஓய்வாகப் படுத்திருக்கும்போது எடுத்த படம் குற்றமற்றதாகவே இருக்கக்கூடும். மாரடைப்பின் தொடக்கத்திலும் சில வேளைகளில் அவ்வாறு இருப்பதுண்டு. ஆகவேதான் மருத்துவர் திரும்பத் திரும்பப் படம் எடுக்கிறார், இரத்தத்தைச் சோதிக்கிறார், நடக்கவிட்டுப் பார்க்கிறார். கருவி எவ்வளவு நுட்பமானதாயினும், ஹெபர்டன் கேட்ட பழைய கேள்விக்கு அது ஈடாகாது.

நாவின் அடியில் வைத்துக்கொள்ளும் சிறு மாத்திரையைப் பற்றியும் பலர் வியப்புடன் கேட்பர். நைட்ரோகிளிசரின் என்னும் அப்பொருள் வெடிமருந்துக்கு உரியது. ஆல்ஃபிரெட் நோபல் அதைக்கொண்டே 1867 ஆம் ஆண்டில் டைனமைட்டுக்கு உரிமை பெற்றார். அதே ஆண்டில்தான் லாடர் பிரண்டன் என்னும் இளம் மருத்துவர், இதனோடு உறவுடைய அமைல் நைட்ரைட்டு என்னும் பொருளை முகர்ந்தால் நெஞ்சு நெரிப்பு நீங்குகிறது என்று எழுதினார். 1879 ஆம் ஆண்டில் வில்லியம் மரெல், நைட்ரோகிளிசரினைத் தாமே உட்கொண்டு சோதித்தபின் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பயன் கண்டார். காலம் சுழன்றது. முதுமையில் நோபலுக்கே இருதய நோய் கண்டபோது, மருத்துவர் அவருக்கு அதே நைட்ரோகிளிசரினை எழுதிக் கொடுத்தார். அது குழாய்களை எவ்வாறு விரியச் செய்கிறது என்பதை விளக்கிய ஆராய்ச்சிக்கு, 1998 ஆம் ஆண்டில் நோபலின் பெயரால் அமைந்த பரிசே கிடைத்தது.

இப்பொழுது முதற் கேள்விக்குத் திரும்புவோம். வாயுவா, மாரடைப்பா? இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை, இருதயக் குழாய் திடீரென அடைபட்டால் உடனே மரணம் என்றே மருத்துவர் பெரும்பாலும் கருதினர். 1912 ஆம் ஆண்டில் சிகாகோ நகரத்து மருத்துவர் ஜேம்ஸ் ஹெரிக், அவ்வாறு அடைபட்டும் பலர் பிழைத்திருக்கின்றனர் என்று எடுத்துக் காட்டினார். பிழைக்கக்கூடும் என்றால் காப்பாற்றவும் கூடும் என்பது பொருள். ஆனால் பிழைத்தவரை ஆறு வாரங்கள் அசையாமற் படுக்க வைப்பது அக்காலச் சிகிச்சையாயிற்று. இதனால் கால்களில் இரத்தம் உறைந்து, அது நுரையீரலுக்குச் சென்று அடைத்து இறந்தவர் பலர்.

1955 ஆம் ஆண்டு செப்டம்பர் 24 ஆம் நாள் பின்னிரவில், அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஐசனோவருக்கு டென்வர் நகரில் நெஞ்சு வலி கண்டது. முந்தின நாள் வெங்காயத்தோடு உண்ட உணவு செரிக்கவில்லை என்றே முதலிற் கருதப்பட்டது. செரிமானக் கோளாறு என்றே நாட்டுக்கும் அறிவித்தனர். பிற்பகலில் இருதயப் படம் எடுத்தபோதுதான் அது மாரடைப்பு எனத் தெளிந்தது. ஒரு பெருநாட்டின் தலைவர் விஷயத்திலேயே இவ்வாறு நேர்ந்தது என்றால், நம் வீடுகளில் ஓமநீரும் இஞ்சிச் சாறும் கொடுத்துக்கொண்டு விடியும்வரை காத்திருப்போரைக் குறை கூற இயலுமா? ஆயினும் அந்தக் காத்திருப்பே உயிரைக் குடிக்கிறது. குழாய் அடைபட்ட நேரத்திலிருந்து இருதயத் தசை சிறிது சிறிதாக மடிகிறது. மடிந்த தசை மீள்வதில்லை.

ஐசனோவரைக் காண வந்த மருத்துவர் பால் டட்லி வைட், நோயின் உண்மையை மறைக்காது பத்திரிகைக்காரர்களிடம் விளக்கினார். மாரடைப்பு வந்தவர் வாழ்நாள் முழுவதும் முடங்கிக் கிடக்க வேண்டியதில்லை, முறையாக நடந்து உழைக்கலாம் என்பது அவர் கொள்கை. படுக்கைக்கு மாறாக நாற்காலியில் உட்கார வைக்கலாம் என்று லெவின், லவுன் என்னும் இருவர் 1952 ஆம் ஆண்டிலேயே எழுதியிருந்தனர். ஐசனோவர் அடுத்த ஆண்டுத் தேர்தலில் மீண்டும் வென்று, 1961 ஆம் ஆண்டு வரை பதவி வகித்தார். "இனி வேலைக்குப் போகலாமா?" என்ற கேள்விக்கு உலகெங்கும் பலர் அவரைக் கண்டு விடை தெரிந்துகொண்டனர்.

குழாயை இருதயத்துக்குள் செலுத்தும் முறை இன்னும் வியப்பானது. 1929 ஆம் ஆண்டில் ஜெர்மனியின் எபர்ஸ்வால்டு என்னும் சிற்றூரில், வெர்னர் ஃபோர்ஸ்மன் என்ற இளம் மருத்துவர், மெல்லிய குழாய் ஒன்றைத் தம் கைச் சிரை வழியாக 65 சென்டிமீட்டர் வரை செலுத்திக்கொண்டார். பின்னர் அவ்வாறே நடந்து எக்ஸ்ரே அறைக்குச் சென்று, குழாயின் நுனி இருதயத்தில் இருப்பதைப் படம் எடுத்துக் காட்டினார். மேலதிகாரி தடுத்திருந்தும் அவர் செய்த செயல் இது. பாராட்டுக்கு மாறாக அவருக்கு ஏளனமே கிடைத்தது. அவர் இருதயத் துறையையே விட்டு வேறு துறைக்குச் சென்றார். அமெரிக்காவில் கூர்நாண்டும் ரிச்சர்ட்ஸும் அம்முறையை வளர்த்தனர். 1956 ஆம் ஆண்டில் மூவரும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். 1977 ஆம் ஆண்டு செப்டம்பர் 16 ஆம் நாள் சூரிச் நகரில் ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக், குழாயின் நுனியில் சிறு பலூனைப் பொருத்தி, அடைபட்ட இருதயக் குழாயை உள்ளிருந்தே விரித்தார். அந்தப் பலூன் குழாய்களைத் தம் வீட்டுச் சமையலறை மேசையில் அமர்ந்தே அவர் செய்து பழகினார். விரிந்த இடம் மீண்டும் சுருங்காதபடி தாங்கும் உலோகச் சுருளாகிய ஸ்டென்ட், 1986 ஆம் ஆண்டில் வழக்கிற்கு வந்தது. உடலின் வேறிடத்துக் குழாயை எடுத்து ஒட்டி மாற்று வழி அமைக்கும் பைபாஸ் அறுவையை 1967 ஆம் ஆண்டில் கிளீவ்லாந்தில் ரெனே ஃபவலோரோ முறைப்படுத்தினார். இந்தியாவில் அவ்வறுவையை முதன்முதல் 1975 ஆம் ஆண்டில் செய்தவர், சென்னைப் பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் பணியாற்றிய டாக்டர் கே.எம். செரியன் ஆவார்.

முதியோர் மட்டுமே இருதய நோய்க்கு ஆளாவர் என்று மாணவர்கள் எண்ணிவிடலாகாது. பிறவியிலேயே இருதயக் கோளாறுடன், உதடும் நகமும் நீலம் பாரித்துப் பிறக்கும் குழந்தைகள் உண்டு. அவர்களுக்கு வழி காட்டியவர் ஹெலன் டாசிக் என்னும் அம்மையார். அவருக்குச் செவிப்புலன் குறைவு. ஆகையால் குழந்தைகளின் நெஞ்சைக் கைவிரல்களால் தொட்டே இருதயத்தின் நிலையை அறியப் பழகினார். நுரையீரலுக்கு மிகுதியாக இரத்தம் செல்ல வழி செய்தால் இக்குழந்தைகள் பிழைப்பர் என்று அவர் கூற, 1944 ஆம் ஆண்டு நவம்பர் 29 ஆம் நாள் பால்டிமோரில் ஆல்ஃபிரெட் பிளாலக் அவ்வறுவையைச் செய்தார். அவருக்குப் பின்னே படிமேடை மீது நின்று ஒவ்வொரு தையலையும் நெறிப்படுத்தியவர் விவியன் தாமஸ் என்னும் கறுப்பின உதவியாளர். கல்லூரிப் படிப்புக்குச் சேர்த்து வைத்த பொருளைப் பொருளாதார மந்தத்தில் இழந்த அவர், ஆய்வுக்கூடத்தில் அம்முறையைத் தாமே பயின்று உருவாக்கியவர். அவருடைய பணிக்குரிய மதிப்பைப் பல்கலைக் கழகம் 1976 ஆம் ஆண்டில்தான் மதிப்புறு பட்டத்தால் வெளிப்படுத்தியது. டாசிக் அம்மையாரிடமும் பால் டட்லி வைட்டிடமும் பயிற்சி பெற்றுத் திரும்பி, இந்தியாவில் இருதய மருத்துவத் துறையை வளர்த்தவர் டாக்டர் பத்மாவதி அம்மையார். 1917 ஆம் ஆண்டில் பர்மாவில் பிறந்த அவர், 2020 ஆம் ஆண்டில் தம் 103 ஆம் வயதில் மறையும் வரை அத்துறையோடு தொடர்பு கொண்டிருந்தார்.

பள்ளிப் பருவத்தினர் சிறப்பாக அறிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு. ஒருவகைக் கிருமியினால் வரும் தொண்டை வலியைக் கவனியாது விட்டால், சில வாரங்கள் கழித்துக் காய்ச்சலும் மூட்டு வீக்கமும் வரக்கூடும். மூட்டு வலி ஆறிவிடும். ஆனால் அந்த வாதக் காய்ச்சல் இருதயத்தின் வால்வுகளில் தழும்பை விட்டுச் செல்லும். தக்க நேரத்தில் கொடுக்கும் பெனிசிலின் அதைத் தடுக்க வல்லது. நெரிசலும் வறுமையும் மிகுந்த நாடுகளில் இந்நோய் இன்னும் மறையவில்லை. பழுதுபட்ட வால்வை மாற்ற நெடுங்காலம் வெளிநாட்டுப் பொருளையே நம்பியிருந்தோம். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் டாக்டர் வலியத்தானும் உடன் உழைத்தோரும் பல தோல்விகளுக்குப் பின் உருவாக்கிய வால்வு, 1990 ஆம் ஆண்டு டிசம்பரில் முதன்முதல் ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது.

"எனக்கு ஏன் இந்நோய் வந்தது?" என்பது இறுதிக் கேள்வி. ஊழ்வினை என்று கூறி அமைந்திருந்த காலம் உண்டு. 1948 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஃப்ரேமிங்காம் என்னும் ஊரில் 5,209 ஆடவரும் பெண்டிரும், நோய் வருமுன்னரே தம்மைத் தொடர்ந்து சோதிக்க இசைந்தனர். இரண்டாண்டுக்கொரு முறை அவர்களைச் சோதித்து வந்ததால், இரத்த அழுத்தம், கொலஸ்டிரால், புகை பிடித்தல், நீரிழிவு ஆகியவை இந்நோய்க்கு எவ்வாறு வழி கோலுகின்றன என்பது புலனாயிற்று. பெயர் மறைத்துக் கடிதம் எழுதிய அந்த ஒருவர் செய்த அறச்செயலை, ஓர் ஊரே சேர்ந்து செய்தது எனலாம். தென்னாசிய மக்களுக்கு இந்நோய் பிற நாட்டாரைவிட இளவயதிலேயே வருகிறது என்பதும் பின்னர்த் தெரிந்தது. ஆகையால் இளைஞர்கள் புகையிலையைத் தொடாதிருப்பதும், நாள்தோறும் நடந்து உடலைப் பேணுவதும் வெறும் அறிவுரையல்ல. வரலாறு கற்பித்த பாடம்.

இவ்வரலாற்றைக் கற்கும் மாணவர்கள் தம் வீட்டில் செய்யத்தக்கவை சில உண்டு. தந்தையோ பாட்டியோ நெஞ்சை அழுத்துகிறது, இடக்கை கனக்கிறது, தாடை வலிக்கிறது, வியர்த்துக் கொட்டுகிறது என்றால், அது வாயுவாகவே இருப்பினும், உடனே 108 எண்ணை அழைத்து மருத்துவமனைக்கு அழைத்துச் செல்க. பெண்களுக்கும் நீரிழிவு உடையோருக்கும் வலியே இல்லாமல், மூச்சுத் திணறலாகவோ மிகுந்த களைப்பாகவோ மாரடைப்பு வரக்கூடும் என்பதை மறவற்க. ஒருவர் நினைவிழந்து மூச்சற்று விழுந்தால், உதவிக்கு ஆள் அனுப்பிவிட்டு, அவர் மார்பின் நடுவே இரு கைகளையும் வைத்து நிமிடத்துக்கு நூறு முதல் நூற்றிருபது முறை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். 1960 ஆம் ஆண்டில் பால்டிமோரில் மூவர் வெளியிட்ட இம்முறைக்குக் கருவி ஒன்றும் வேண்டாம். இரண்டு கைகளே போதும் என்று அவர்கள் எழுதினர். பள்ளியிலேயே அதனைப் பழகிக்கொள்வது நன்று.

மருத்துவராக விரும்பும் மாணவர்க்கு ஒரு சொல். நோயாளி தம் வேதனையைச் சொல்லும்போது குறுக்கிடாமற் கேளுங்கள். கேட்டதை எழுதி வையுங்கள். விடை தெரியாத கேள்வியை அற்பமென்று ஒதுக்காதீர்கள். மருத்துவர் ஆகாத மற்றவர்களும், நம் வீட்டுப் பெரியவர்கள் கேட்கத் தயங்கும் கேள்விகளை அவர்கள் சார்பில் மருத்துவரிடம் கேட்கலாம். இதற்குப் பட்டம் தேவையில்லை.